கூரைக்கு ரவை தடவிய கதை

இட்லி மாவில் காரை விழுந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது.

காரை என்றால் சின்னத் துணுக்கு இல்லை. எங்கள் மயிலாப்பூர் வீட்டுச் சமையலறைப் பரணின் அடியிலிருந்து, ஒரு பெரிய அப்பளம் அளவுக்குப் பெயர்ந்து, நேராக மாவுப் பாத்திரத்துக்குள். 'தொளக்' என்று ஒரு சத்தம். அம்மாவின் மூக்குக் கண்ணாடி, தினசரிக் காலண்டர், என் துப்பட்டா, எல்லாவற்றிலும் புள்ளி புள்ளியாக மாவு.

அம்மா மாவைப் பார்த்தாள். நான் அத்திம்பேரைப் பார்த்தேன்.

அத்திம்பேர் காபியை ஆற்றிக்கொண்டே, "மூணு நாள் தாங்கியிருக்கு. நான் ரெண்டுன்னு நெனச்சேன்," என்றார்.

அத்திம்பேர் என்பது என் அக்கா வசந்தாவின் கணவர். கோதாவரிக் கரையில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் உதவி மேலாளர். லீவில் வந்திருந்தார். வந்த அன்றே, செருப்பைக் கழற்றிய கையோடு சமையலறைக்குள் நுழைந்து, ஒரு கையால் பரணைப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த குடைக்காம்பால் 'டொக் டொக்' என்று தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இதுக்குக் கீழ யாரும் உக்காராதீங்கோ," என்றார்.

"அம்பது வருஷமா நிக்கற பரண், மாப்பிள்ளை," என்றார் அப்பா.

"எங்காத்துக்கு வந்தாலாவது சமத்தா இருங்கோன்னு சொல்லித்தானே அழைச்சுண்டு வந்தேன்," என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். இந்த மனிதர் பஸ்ஸின் கூரையைத் தட்டுவார், ஜவுளிக்கடைப் படிக்கட்டின் அடியைத் தட்டுவார், கல்யாணச் சத்திரத்தில் பந்தலைத் தட்டிவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

மூன்றாம் நாள் மாவைத் துடைத்துக்கொண்டே எனக்கு மண்டைக்குள் ஒரு மின்சாரம். அதே தட்டலை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்கு அது வெறும் 'டொக்'. அவருக்கு அது செய்தி. இத்தனைக்கும் காது விஷயத்தில் எங்கள் குடும்பம் கொஞ்சம் கர்வம் பிடித்தது. அப்பா மிருதங்கம் சொல்லிக் கொடுப்பவர். பக்கத்துத் தெருவில் யாராவது தம்புராவைக் கால் சுருதி பிசகாகச் சேர்த்தால் இங்கே அவருக்குத் தலைவலி வரும்.

அந்தச் செய்தியை எனக்கும் படிக்கத் தெரிய வேண்டும். முடிந்தால் ஊருக்கே.

(போன அத்தியாயத்தில் மொட்டை மாடியில் சூரிய அடுப்பு வைத்து நான் அப்பளம் கருக்கியதைப் படித்த ஆதம்பாக்கம் வாசகி ஒருவர், "நீங்கள் எதையாவது உருப்படியாகச் செய்தது உண்டா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். அம்மணி, இதுவும் உருப்படவில்லை. ஆனால் உருப்படாமல் போன விதத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.)

விளக்கு போகும், நான் போக முடியாது

அப்போது நான் பௌதிகத்தில் பட்டம் வாங்கிவிட்டு, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சுரங்கத் தொழிலாளிகள் தலையில் கட்டிக்கொள்ளும் விளக்குக்கு மின்னேற்றும் பெட்டி செய்கிற பட்டறை. நாள் முழுக்க ஈயம் உருக்கிப் பற்றவைப்பது என் வேலை. வீட்டுக்கு வந்தால் தலைமுடியெல்லாம் ஈயப்புகை வாடை.

நான் பற்றவைத்த பெட்டியில் மின்னேறி எழுந்த விளக்குகள் பூமிக்கடியில் போய்க்கொண்டிருந்தன. எனக்கும் போகவேண்டும் என்று ஒரே ஆசை. அத்திம்பேரிடம் கேட்டேன்.

"பொம்மனாட்டிகள் கீழ எறங்கி வேலை பாக்கப்படாது. சட்டம்."

"யார் போட்ட சட்டம்?"

"எங்கிட்டக் கேட்டா? நான் லீவுல இருக்கேன்."

விட்டேனா. கன்னிமாரா நூலகத்தில் போய்ப் புரட்டினேன். ஒரு காலத்தில் நம் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் பெண்கள் குடும்பத்தோடு கீழே இறங்கியிருக்கிறார்கள். புருஷன் வெட்டுவான், மனைவி கூடையில் சுமப்பாள். பிறகு ஆபத்து என்று சொல்லி மேலே ஏற்றினார்கள். உலகப் போர் வந்து கரி அவசரமாகத் தேவைப்பட்டதும் அதே பெண்களை மறுபடி இறக்கினார்கள். போர் முடிந்தது; மறுபடி ஏற்றிவிட்டார்கள். ஆபத்து மட்டும் நடுவில் சில வருடம் லீவு எடுத்துக்கொண்டதாக்கும்.

இதை நான் சாப்பாட்டு நேரத்தில் உரக்கச் சொல்லி, ரசத்தைக் கையில் கொட்டிக்கொண்டு, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

கரும்பலகை சத்தம் போடாது

அத்திம்பேருக்கு அந்த வருடம் ஒரு புதுப் பொறுப்பு. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு, கீழே இறக்குவதற்கு முன்னால், சில நாள் வகுப்பு எடுக்கவேண்டும்.

"விளக்கு எப்படிக் கட்டறது, வாயு இருந்தா எப்படிக் கண்டுபிடிக்கறது, எல்லாம் சொல்லிடலாம். கூரைதான் சிக்கல். கரியை வெட்டி எடுத்தப்புறம் தலைக்கு மேல நிக்கற பாறை இருக்கே, அதைக் கோலால தட்டிப் பாக்கணும். கெட்டியா இருந்தா கணீர்ங்கும். உள்ளுக்குள்ள விட்டுப்போயிருந்தா பொத்துனு கேக்கும். இதைக் கரும்பலகைல எப்படி எழுதறது, சொல்லு."

"கூட நின்னு கத்துண்டா வந்துடாதா?"

"வரும். கூட நிக்கற வரைக்கும் உயிரோட இருந்தா."

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். போன வருடம் புதிதாக வந்த ஒருவன் முறைப்படி கோலை எடுத்தான், தட்டினான், நல்ல கூரை என்று நினைத்துக் கீழே நின்றான். வலது கால் போயிற்று. "தட்டத்தான் தட்டினான் நித்யா. கேக்கத்தான் தெரியலை." அடுத்த அணி அடுத்த மாதம் இறங்கப்போகிறது.

"அத்திம்பேர்," என்றேன், "கேசட்."

"என்ன கேசட்?"

"கூரைச் சத்தத்தையெல்லாம் டேப்புல பிடிச்சுடுவோம். ஒரு பக்கம் நல்ல கூரை, ஒரு பக்கம் கெட்ட கூரை. வகுப்புல போட்டுப் போட்டுக் காட்டுங்கோ. காது பழகிடும்."

அவர் என்னையே பார்த்தார். "நல்ல யோசனைதான். ஆனா டேப் ரெக்கார்டரைக் கீழ கொண்டுபோக முடியாது. சுரங்க வாசல்ல சட்டைப்பையைத் தடவி, பீடி இருக்கா, தீப்பெட்டி இருக்கான்னு பாத்துத்தான் விடுவா. கீழ வாயு இருக்கு. ஒரு பொறி போறும்."

நான் அப்படியே சோர்ந்து சுவரில் சாய்ந்தேன். அடுத்த அறையில் அப்பா யாருக்கோ பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் ஒரு தட்டு: கணீர். இடது பக்கம் ஒரு தட்டு: பொத்.

நானும் அத்திம்பேரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்தோம்.

தி. நகருக்குள் ஒரு சுரங்கம்

தி. நகரில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக்கூடம். அங்கே சேகர் என்பவர் ஒலிப்பதிவாளர். அப்பாவுக்கு நல்ல பழக்கம். ஊறுகாய் விளம்பரத்துக்கும் பக்திப் பாட்டுக்கும் இடையில் எங்களுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்.

"இன்னா சாமி, என்னா ராகம்?" என்று கேட்டார் சேகர்.

"ராகமெல்லாம் இல்லை. கூரை," என்றார் அப்பா.

"கூரையா? இன்னா படத்துக்கு?"

விளக்கிச் சொன்னதும் அவருக்கும் பற்றிக்கொண்டது. "ஆளுங்க உயிர் மேட்டர்னு சொல்லு நைனா மொதல்லயே," என்று விசிறியை நிறுத்தி, ஏ.சி.யை நிறுத்தி, வாசலில் வாழைப்பழம் விற்றவரிடம் போய்க் கொஞ்ச நேரம் கத்தாமல் இருக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

நல்ல கூரை சுலபமாக முடிந்தது. மிருதங்கத்தின் வலது பக்கம் ஒரு மரக்கோலால் அப்பா தட்ட, அத்திம்பேர் கண்ணை மூடிக்கொண்டு, "கொஞ்சம் கனமா... இன்னும்... ஆங், இது. இதுக்குக் கீழ தைரியமா நிக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கெட்ட கூரையில்தான் அப்பா தவித்தார். மிருதங்கத்தின் இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பேர். வாசிப்பதற்கு முன் அதன் நடுவில் தண்ணீர் விட்டுப் பிசைந்த ரவையை ஒரு சின்ன வடை மாதிரி ஒட்டுவார்கள். அப்போதுதான் அது அடிவயிற்றிலிருந்து 'தொம்ம்ம்' என்று கார்வையோடு பேசும். ரவை இல்லாத தொப்பி செத்த சத்தம் போடும். எங்களுக்கு வேண்டியது அந்தச் செத்த சத்தம்தான். ரவை இல்லாமல், மேலே ஒரு ஈரத்துண்டையும் போட்டு அப்பாவைத் தட்டச் சொன்னோம்.

பொத்.

"இதேதான்," என்றார் அத்திம்பேர். அவர் முகம் ஒரு நொடி மாறிவிட்டது. "இதைக் கேட்டா ஓடிடணும்."

அப்பாவின் முகமும் மாறியிருந்தது, வேறு காரணத்துக்காக. "நாப்பது வருஷமா இந்தச் சத்தம் வரப்படாதுன்னுதான் வாசிச்சுண்டிருக்கேன், மாப்பிள்ளை."

இன்னும் இருபது தட்டாவது வேண்டும். அதற்குள் அக்கா வந்துவிட்டாள். பாண்டி பஜாரில் புடவை எடுக்க அத்திம்பேரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். முகூர்த்தமே தவறிப்போகிற மாதிரி அவசரம். "மத்ததை நித்யா பாத்துப்பா," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

நித்யா பார்த்துக்கொண்டாள்.

டீக்குப் பிறகு

டீ வந்தது. குடித்தோம். சேகர் தன் பெண்ணின் பரதநாட்டிய வகுப்பைப் பற்றிப் பேசினார். நான் சுரங்கத்தில் முட்டுக் கொடுக்கும் மரங்களைப் பற்றிப் பேசினேன். அத்திம்பேர் சொன்னதுதான்: பழைய ஆட்களுக்கு இரும்பு முட்டைவிட மரமுட்டுதான் பிடிக்குமாம். பாரம் ஏறினால் மரம் முனகும், கிறீச்சிடும், ஓடு என்று சொல்லும். இரும்பு கடைசிவரை வாயைத் திறக்காது. அவர்கள் மரத்தோடு பேசிக்கொண்டு வேலை செய்கிறார்கள் என்பது எனக்கு அவ்வளவு பிடித்துப்போய், கையை வீசி வீசிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படி வீசிக்கொண்டிருந்தபோது அப்பாவின் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நான் பார்க்கவில்லை. அப்பாவும் பார்க்கவில்லை. அது பழக்கத்தில் பைக்குள் போனது. டப்பாவை எடுத்தது. துண்டை விலக்கியது. ரவையை ஒட்டியது.

டீக்குப் பிறகு காதுக்கருவியை மாட்டிக்கொண்டு கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. என்ன கனம், என்ன ஆழம்.

சேகர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார். "மொதல்ல தட்டினது டல்லா கீது மேடம். டீக்கு அப்பறம் தட்டினது சூப்பரா கீது. முன்னாடி எடுத்ததைக் கழிச்சுட்டு இதையே போட்ருவோமா?"

"போட்டுடலாம்," என்றேன் நான்.

காது தீட்டிய மூன்று பேர் அந்த அறையில் இருந்தோம். செத்த சத்தம் வேண்டும் என்று போனவர்கள், நாதம் வந்ததும் அப்படியே மயங்கிவிட்டோம்.

அன்றே பத்துப் பிரதி எடுத்தோம். உறையில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: பக்கம் 1, நல்ல கூரை. பக்கம் 2, கெட்ட கூரை. வீட்டுக்கு வந்து அடுத்தது என்ன என்று தரையில் கால் பாவாமல் திரிந்தேன். தெலுங்கில் ஒன்று, இந்தியில் ஒன்று, நாடு முழுக்க. சத்தத்துக்கு மொழி இல்லையே என்று அம்மா சொன்னதைக்கூட நான் காதில் வாங்கவில்லை.

ஓதேலு கேட்டார்

ஞாயிற்றுக்கிழமை காலை ஓதேலு வந்தார். அத்திம்பேரின் சுரங்கத்தில் அவர் சர்தார். தலைப்பாகை சர்தார் இல்லை. கீழே ஒரு குழுவுக்குப் பொறுப்பானவருக்கு அந்தப் பேர். முப்பத்தைந்து வயதிருக்கும். தொழிற்சங்கக் கூட்டத்துக்காகச் சென்னை வந்தவர், எங்கள் கேசட்டை விசாரிக்க வந்துவிட்டார். முன்பு சில வருடம் இங்கே துறைமுகத்தில் வேலை பார்த்ததால் தமிழ் நன்றாகவே வந்தது.

"சாரு, நேராவே கேக்குறேன்," என்றார், இட்லியைப் பிட்டுக்கொண்டே. "இந்தக் கேசட்டு வந்தா, புதுப்பசங்க எங்க கூட நிக்கிற நாளைக் குறைச்சிடுவாங்களா, உங்க மேனேஜ்மெண்டு?"

"ஓதேலு, நான் லீவுல இருக்கேன்."

"லீவுலதான் சாரு நீங்க நிஜம் பேசுவீங்க."

அப்பா பக்கென்று சிரித்துவிட்டார். அத்திம்பேரும்.

"சங்கத்துக்காக மட்டும் கேக்கல," என்றார் ஓதேலு. "அடுத்த மாசம் எறங்குற செட்டுல என் தம்பி இருக்கான். மல்லேஷ். ஒரே தம்பி. அவன் காதுல என்ன போகுதுன்னு நான் மொதல்ல கேக்கணும்."

எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும். எந்தப் பக்கம் எது என்று சொல்லாமல், உறையை மறைத்துக்கொண்டு, இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். கெட்ட கூரை. அவர் எழுந்து ஓடுவார் என்று நினைத்தேன்.

ஓதேலு கண்ணை மூடினார். தொம்ம்ம். தலையை ஆட்டினார். தொம்ம்ம். முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. அத்திம்பேர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வாயைத் திறந்தார். அதற்குள் ஓதேலு முந்திக்கொண்டார்.

"நல்ல கூரை. இதுக்குக் கீழ பாய் போட்டுத் தூங்குவேன், தங்கச்சி. இப்ப கெட்டதைப் போடு."

உறையைத் திருப்பிக் காட்டினேன். ஓதேலு தமிழ் எழுத்தை மெல்லக் கூட்டி வாசித்தார்.

டேப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தொம்ம்ம்.

அப்பா தன் வலது கைவிரல்களைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, "ரவை," என்றார்.

"என்ன ரவை?" என்றார் அத்திம்பேர்.

"டீக்கு அப்புறம்... நான் ஒட்டியிருக்கேன் போலருக்கு."

முதலில் சிரித்தது ஓதேலுதான். விஷயம் புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உப்புமா ரவையா? எங்க கூரைக்கே ரவை தடவி நல்லாக்கிட்டீங்களா?" அக்கா சிரித்தாள், அம்மா சிரித்தாள், அப்பாவுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. நானும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன், ஓதேலு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைச் சொல்லும் வரை.

"மல்லேஷ் இதைக் கேட்டிருந்தா கீழ நின்னிருப்பான்."

நான் எழுந்துபோய் டேப்பை நிறுத்தினேன். பத்துப் பிரதியும் மேஜைமேல் அடுக்காக இருந்தது. என் அழகான கையெழுத்து.

அந்தக் கை

கேசட் நாடாவை நான் உருவத் தொடங்கியதும் ஓதேலு தடுத்தார். "இரு, இரு. சரியா புடிச்சிருந்தாலும் பாதிதான் தங்கச்சி. வா இங்க."

சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அத்திம்பேரின் குடையை வாங்கிக்கொண்டார். பரணில் காரை பெயர்ந்த இடத்துக்குப் பக்கத்தில் என் இடது உள்ளங்கையை வைக்கச் சொன்னார். குடைக்காம்பால் தட்டினார். டொக். ஒன்றுமில்லை; சுவரைத் தொட்ட மாதிரி இருந்தது. கையை ஒரு முழம் தள்ளி வைக்கச் சொன்னார். டொக்.

உள்ளங்கையில் ஏதோ ஊர்ந்தது. தெருவில் பஸ் போகும்போது ஜன்னல் கண்ணாடியைத் தொட்டால் ஒரு நடுக்கம் வருமே, அது. காதுக்கு இரண்டு தட்டும் ஒன்றுதான். கைக்கு இரண்டும் வேறு வேறு.

"இந்தக் கை தட்டும்," என்றார் ஓதேலு. "அந்தக் கைதான் கேக்கும். நடுங்கினா உள்ள விட்டுப்போச்சு. கீழ மெஷின் சத்தத்துல காதை நம்ப முடியாது."

நான் திரும்பி அத்திம்பேரைப் பார்த்தேன். வந்த அன்று ஒரு கையால் பரணைப் பிடித்துக்கொண்டு தட்டினாரே. தடுமாறாமல் இருக்கப் பிடித்துக்கொண்டார் என்றல்லவா நினைத்தேன்.

"ஏன் அத்திம்பேர் இதைச் சொல்லலை?"

அவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அது பாட்டுக்கு மேல போயிடறது. போறதுன்னே எனக்குத் தெரியாதே."

அப்பாவுக்கு அதில் ஒரு ஆறுதல். "பாத்தியா, என் கை மட்டும் இல்லை," என்றார்.

எனக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை, வேறு ஒன்று வந்துவிட்டது. இட்லி மாவில் காரை விழுந்தபோது வந்த அதே மின்சாரம்.

"கேசட் வேண்டாம்," என்றேன். "கூரையே கட்டிடுவோம்."

ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய கொட்டகை சும்மா கிடக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் கம்பிச் சட்டம் அடித்து, அதில் கடப்பைக் கல் பலகைகளைப் பொருத்தவேண்டும். சில கல்லுக்குப் பின்னால் சிமெண்டு கெட்டியாக, சிலதுக்குப் பின்னால் வெறும் காற்று. கீழேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல. ஒவ்வொரு கல்லையும் போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் எதுவும் விழாது. சரியாக வந்தால் அதே மாதிரி ஒன்றை அத்திம்பேரின் வகுப்பறையில் கட்டிவிடலாம்.

ஓதேலு தாடையைச் சொறிந்துகொண்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பள்ளிக்கூடம் மாதிரி. எங்க கூட நிக்கிற நாள்ல ஒரு நாள்கூட குறையக் கூடாது. சாரு எழுதித் தரணும்."

"லீவுல..." என்று ஆரம்பித்த அத்திம்பேர், அக்காவின் பார்வையைப் பார்த்ததும் பேனாவை எடுத்தார். கேசட் உறையின் பின்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஓதேலு அதை இரண்டு முறை வாசித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்தார். எங்கள் பதிவில் உபயோகப்பட்ட ஒரே உறை அதுதான்.

பட்டறை முதலாளி வீட்டுக்குப் போன் செய்து கெஞ்சிச் சம்மதம் வாங்கினேன். கொத்தனார் திங்கள்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறார். எந்தக் கல் பொய் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். வரைபடத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். அப்பா வேடிக்கை பார்க்க வரலாம்; அவர் பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுவேன்.

வியாழக்கிழமை மல்லேஷ் வருகிறான். ஓதேலு தந்தி கொடுத்துவிட்டார். கோலை அவன் கையில் கொடுத்து, கண்ணைக் கட்டி, கல் கல்லாக நடக்கவிடப் போகிறோம். அவன் ஏமாறுவதாக இருந்தால் ஏமாறட்டும், பத்து முறைகூட ஏமாறட்டும். இங்கே கல்லைப் போல்ட் பிடித்துக்கொள்ளும்.